மாப்பிள்ளையை விசாரிக்க வந்த அண்ணாச்சி

நெல்லையப்பனைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள் அண்ணாச்சி. உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழே வாருங்கள். ஆனி பிறந்தும் தூத்துக்குடி வெயில் அடங்கவில்லை, பாருங்கள். சங்கரன்கோவிலில் இருந்து எப்போது கிளம்பினீர்கள்? சாப்பிட்டாயிற்றா?

கேண்டீனுக்குக் கூட்டிப்போய் ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கலாம்தான். என்னால் நகர முடியாது. இதோ இந்த ஆட்டோகிளேவ் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பிள்ளைகளுக்கு பிராக்டிகல். அதற்கு வேண்டிய கண்ணாடிச் சாமான் எல்லாம் இதற்குள்ளே வெந்துகொண்டிருக்கிறது. பிரஷர் ஏறி இறங்குகிறவரை யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். லேப் உதவியாளர் இடம் காலியாகி வருஷக்கணக்காகிறது. அதனால் நானே சமையல்காரன், நானே பாத்திரம் தேய்க்கிறவன், மணி அடித்தால் நானே வாத்தியார். மிச்ச நேரத்தில் விஞ்ஞானி. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

பெண் உங்கள் தங்கை மகளா? பி.எட். முடித்திருக்கிறதா, சந்தோஷம். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறீர்களாக்கும். நெல்லையப்பன் இன்றைக்குத் திருநெல்வேலிக்கு அரியர் பேப்பர் திருத்தப் போயிருக்கிறான். அது தெரிந்துதானே வந்தீர்கள்? விவரமான ஆள் நீங்கள். பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த விவரம் இல்லாவிட்டால் எப்படி. மாப்பிள்ளை ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, கூட வேலை செய்கிறவனிடம் கேட்க வேண்டும். அதுதான் முறை. எனக்குப் பெண் கொடுக்கும்போது என் மாமனாரும் ஆள் அனுப்பினார். வந்த ஆள் நான் ஆராய்ச்சி பண்ணின இடத்து வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். "தங்கமான பையன், எந்நேரமும் அவர் ரூமில் லைட் எரியும்" என்று அவர் சொன்னாராம். லைட் எரிகிறதை வைத்து ஒரு மனிதனை நிறுத்துப் பார்த்தால் எப்படி? நான் தூங்கும்போதும் லைட்டை அணைக்க மறந்துவிடுவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். நுண்ணுயிரியல் துறை என்றால், நானும் அவனும்தான், இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் சம்பளம் வாங்க மட்டும் வருவார்கள். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை. கேட்டு வந்தவரிடம் தெரிந்ததை மறைப்பது பாவம் இல்லையா. அதனால் சொல்கிறேன்.

குடிப்பானா என்று கேட்பீர்கள். கிடையாது. சிகரெட், பாக்கு, சீட்டு ஒன்றும் கிடையாது. அதை உடனே நல்ல குணம் என்று முடித்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கெட்ட பழக்கம்கூட இல்லாத ஆளோடு ஒரே ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறீர்களா? நாம் ஒரு டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் மெதுவாக வந்தால்கூட நமக்கே குற்றவாளி மாதிரி இருக்கும். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். "வாங்கண்ணே" என்பான். அந்த "வாங்கண்ணே"யில் எல்லாம் இருக்கும்.

என்னைவிட இளையவன். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலையில் சேர்ந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அவனுக்கு ஆகவில்லை. அதில்தான் வித்தியாசமே. அவன் வீட்டுக்குப் போனால் சோற்றைப் போட்டுக் கொடுக்க அம்மா. எனக்கு அப்படியா? கேஸ் வந்ததா, தண்ணீர் வந்ததா, மாமியாருக்கு மூட்டு வலி, என் அப்பாவுக்குக் குடலிறக்கம். இங்கே வந்தால் முதல் மணியில் இருந்து கடைசி மணிவரை வகுப்பு. நடுவில் கல்லூரியை மதிப்பீடு பண்ண ஒரு குழு வருகிறது என்று கோப்பு கோப்பாக எழுதச் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் இடையில் ஆராய்ச்சியும் பண்ணவில்லை என்றால் பிரின்சிபால் மூஞ்சியைத் தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மற்றவர்கள் கறி வாங்கப் போவார்கள், நான் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துக்குப் போவேன். பாத்தி ஓரத்தில் பூத்திருக்கிற உப்பைச் சுரண்டி, குழாயில் போட்டு எடுத்துவருவேன்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? அந்த உப்பிலும் கிருமி உண்டு அண்ணாச்சி. நாமெல்லாம் அந்த உப்பில் கிடந்தால் கருவாடாகிவிடுவோம், அது சுகமாக இருக்கும். அதில் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சரக்கைச் சுரந்தது என்று வையுங்கள், உப்புத் தண்ணீரிலும் துணி வெளுக்கும். சோப்புக் கம்பெனிக்காரன் நம் வாசலில் வந்து நிற்பான். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் கிடைத்தது.

எண்ணெய் கலந்த தட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி எண்ணெய் கரைந்து தெளிவாக ஒரு வளையம், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி. நான் இந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். உடனே செண்பகத்துக்குப் போன் போட்டேன். செண்பகம் என் வீட்டுக்காரி. செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரர்களுக்குப் பெண் பிறந்தால் அம்மன் பெயரைத் தவிர வேறு பெயர் தோன்றாது.

அவளும் இதே படிப்புதான். எம்.எஸ்ஸி.யில் பதக்கம் வாங்கினவள். நான் பதக்கம் வாங்கவில்லை. அது மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்குக் கொடுப்பது. கல்யாணமான புதிதில் பி.எச்டி. பண்ணட்டுமா என்று கேட்டாள். நான் கூடாது என்று சொல்லவே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி போதும், முதலில் நான் நிலைத்துக்கொள்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்றேன். இதில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நான்தான் ஆளைப் பார்த்துச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். நான் கொண்டுபோகிற தட்டுகளில் கிருமி எண்ணிக் கொடுக்கிற வேலையைக்கூட அவள் கையில் இருந்து பிடுங்கியதில்லை. எண்ணட்டும், அவளுக்குப் பிடித்த காரியம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் போனில் எடுத்த படத்தைக் காட்டுகிறேன். தோசை ஊற்றிக்கொண்டே பார்க்கிறாள்.

"ஏங்க, உப்பளத்துக் கிருமின்னா செகப்பா, ரோஸா இருக்கும். முளைக்கவே வாரக்கணக்காவும். இது ஒத்த ராத்திரியில வெள்ளையா முளைச்சிருக்கே. ஒங்க கைத்தோல்ல இருந்து போயிருக்கப் போவுது. வேர்வையிலயும் உப்பு உண்டும்லா, தோல்லயும் எண்ணெ உண்டும்லா" என்கிறாள்.

நான் என்ன சொன்னேன்? "தோசை தீயுது, அதைப் பாரு" என்றேன். தீயவில்லை. சும்மாதான் சொன்னேன்.

ஒரு நிமிடம் இருங்கள், பிரஷர் ஏறிவிட்டது. தீயைக் குறைத்துவிட்டு வருகிறேன். இந்தச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள், வெடிக்காது.

எங்கே விட்டேன். ஆமாம், கிருமி. பத்திரிகையில் போட்டார்கள் அண்ணாச்சி. உப்பளத்தில் புதிய கிருமி, இளம் பேராசிரியர் கண்டுபிடிப்பு என்று. என் படத்தோடு. பிரின்சிபால் காலைப் பிரார்த்தனையில் வாசித்தார். உங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்காது, தூத்துக்குடிப் பதிப்பில் மட்டும்தான். அதற்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஊர் பெயரைச் சேர்த்து வைக்கலாம், இல்லை என் பெயரையே வைக்கலாம். இசக்கி என்பதை லத்தீனில் எப்படி எழுதுவது என்று ஒரு முழு வகுப்பு நேரமும் யோசித்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற இடத்துக்கு புராஜெக்ட் கேட்டு எழுதிப் போட்டேன். நேரில் வந்து விளக்குங்கள் என்று பதிலும் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அப்பாவுக்கு ஆபரேஷன். ஒரு வாரம் நான் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். இங்கே என் வகுப்பை எல்லாம் நெல்லையப்பன் எடுத்தான். கேட்டுக்கொள்ளுங்கள், இது முதல் விஷயம். ஒருத்தன் இல்லாதபோது அவன் வகுப்பை எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும்? சும்மா ஒப்புக்கு எடுக்க வேண்டும். இவன் நன்றாக எடுத்துவிட்டான். நான் திரும்பிவந்தால் பிள்ளைகள் என்னிடமே வந்து, "சார், நெல்லையப்பன் சார் அந்தப் பாடத்தை முடிக்கட்டுமா" என்று கேட்கிறார்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நல்லதுதானே என்கிறீர்களா. உங்கள் கடையில் நீங்கள் இல்லாதபோது பக்கத்துக் கடைக்காரர் வந்து உட்கார்ந்து, வந்தவர்களெல்லாம் அவரே நிறுத்துப் போடட்டும் என்றால் உங்களுக்கு இனிக்குமா?

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் கிருமியையும் அவனிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தேன். அதைப் புதுத்தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். "சாகாம பாத்துக்கோடே" என்றேன். அவ்வளவுதான் சொன்னது. அது யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கச் சொன்னேனா? இவன் விசாரித்துவிட்டான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறான். மதுரையில் இருக்கிற சிநேகிதனுக்கு அனுப்பிப் பரிசோதித்தும் இருக்கிறான். நான் திரும்பி வந்ததும் இந்தக் கதவைச் சாத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான், ஏதோ இவன் தப்புப் பண்ணின மாதிரி.

"இசக்கிண்ணே, தப்பா எடுத்துக்காதீய. இது அளத்துல இருந்து வந்ததில்ல. ஒங்க கையில இருந்து போயிருக்கு. காத்துப் பெட்டி ரிப்பேரா கெடக்கு, ஃபேனைப் போட்டுக்கிட்டுத் தட்டைத் தொறந்திருக்கீய. யாருக்கும் நடக்கும்ணே. எனக்கே நடந்திருக்கு. சென்னைக்கு ஒரு மாசம் தவணை கேப்போம். ஞாயித்துக்கிழமை நானும் வாரேன், ரெண்டு பேரும் போயி திரும்ப எடுத்துருவோம். நான் யாருகிட்டயும் சொல்லல."

காற்றுப் பெட்டி என்பது அதோ அந்த மூலையில் இருக்கிற கண்ணாடிப் பெட்டி. சுத்தமான காற்று வருவதற்காக. ஒரு வருஷமாக ஓடவில்லை. அதை விடுங்கள். அவன் சொன்ன வார்த்தையைக் கவனித்தீர்களா? ஒங்க கையில இருந்து. என் வீட்டுக்காரி தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று சொன்ன அதே வார்த்தை. நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி, இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வார்த்தையைச் சொல்வார்களா?

உண்மை அதுவாக இருந்தால் சொல்வார்கள் என்கிறீர்கள். சரி.

நான் அவனிடம் கொஞ்சம் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை, பொறாமைக்காரன் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் ஒரு வகைத் திமிர்தான். அடுத்த வாரம் சென்னைக்குப் போனேன். அஞ்சாறு பேர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு அம்மா, தலை முழுக்க வெள்ளை, கண்ணாடி மூக்கு நுனியில். நான் பாதி பேசியிருப்பேன். அந்த அம்மா மெதுவாகக் கேட்கிறார்கள், "என்ன நிறம்? முளைக்க எத்தனை நாள் ஆச்சு?" சொன்னேன். "தோலில் இருந்து வந்ததில்லைன்னு பார்த்துட்டீங்களா?" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒருத்தர் வாட்ச்சைப் பார்த்தார். இன்னொருத்தர் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

எப்படி அண்ணாச்சி அந்த அம்மா அந்தக் கேள்வியையே குறிபார்த்துக் கேட்க முடியும்? யாரும் சொல்லிக் கொடுக்காமல்? அந்தத் துறைக்காரர்கள் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்று நெல்லையப்பன் பின்னால் சொன்னான். சொல்லுவான். வேறு என்ன சொல்லுவான்.

திரும்பி வந்தால் பிள்ளைகள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். தோல் சார். நான் வராந்தாவில் நடந்துபோனால் பின்னால் கையைச் சொறிந்து காட்டுகிறான்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவன்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் அன்றைக்குப் போட்ட சத்தமும் கொஞ்சம் வெளியே கேட்டிருக்கலாம். கதவு பழைய கதவு. இருந்தாலும்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். ஒரு பையில் நுங்கு. ஆறுதல் சொல்ல வருகிறானாம். நான் சென்னைக்குப் போய் அடிபட்டு வந்ததற்கு இவன் நுங்கு வாங்கி வருகிறான். வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளேகூட வரவில்லை, சொல்கிறான்.

"அண்ணே, மதினி படத்தைப் பாத்தே சொல்லிட்டாவளாமே. நான் மைக்ராஸ்கோப்பு, மதுரைன்னு அலைஞ்சு கண்டுபிடிச்சதை அவுக தோசைக்கரண்டியோட நின்னு சொல்லியிருக்காவ. அவுகளை சும்மா விடக்கூடாதுண்ணே. மதுரையில எங்க மேடத்துக்கிட்ட இடம் இருக்கு. பரீட்சை எழுதச் சொல்லுங்க, பி.எச்டி. பண்ணட்டும்."

அவனுக்கு எப்படித் தெரியும் அவள் சொன்னது? நான் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் துறைச் சாவி வாங்க என் வீட்டுக்கு வந்திருக்கிறான். கேட்டுக்கு வெளியே நின்று பேசியிருக்கிறான். இவள், அந்தக் கிருமி இப்போதாவது சிவப்பாக மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இவன் இல்லை மதினி என்றிருக்கிறான். இரண்டு பேரும் என் கிருமியைப் பற்றி, என் வீட்டுக் கேட்டில் நின்று பேசியிருக்கிறார்கள்.

நுங்கு தோண்டிக்கொண்டிருந்தாள் அவள். அவன் பி.எச்டி. என்றதும் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை அண்ணாச்சி. அவனையும் பார்க்கவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால். தெருவைப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்குக் கல்யாணத்தன்றுகூடக் காட்டியதில்லை.

அடுத்த வாரம் முழுக்கப் பரீட்சையைப் பற்றி அவனிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரி அவள் போனை வைத்த பிறகு நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அது என்ன வார்த்தை என்பது உங்களுக்கு வேண்டாம். மறுநாள் காலையில் கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா. பரீட்சைக்குப் படிக்கவும் அங்கே அமைதியாக இருக்கும். சித்திரையில் போனாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வந்துவிடுவாள்.

என்ன, பையனைப் பற்றித் திருப்தியாக இருக்கிறதா? அண்ணாச்சி, நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பதைப் பார்த்தால் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவீர்கள் போலிருக்கிறதே. பொய் சொல்ல மாட்டான், அடுத்தவன் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வான், பெண் படிக்க வேண்டும் என்பான், கோபத்தில் கத்தினால் திருப்பிக் கத்த மாட்டான். இப்படி நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

அவனா? என் பெயரை அவனேதான் சொன்னானா உங்களிடம்? "இசக்கிண்ணன்ட்ட கேளுங்க, அவர் என்ன சொன்னாலும் அதுதான் நான்" என்றானா.

பார்த்தீர்களா. பார்த்தீர்களா எவ்வளவு திமிர் என்று. இத்தனையும் பண்ணிவிட்டு, நான் நல்லதுதான் சொல்லுவேன் என்று அவனுக்கு அத்தனை நம்பிக்கை. நான் ஏமாளி என்று முடிவே கட்டிவிட்டான்.

சரி, அப்படியானால் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறேன்.

ஒரு பெண் விவகாரம் இருக்கிறது.

ஆமாம். கல்யாணமான பெண். புருஷன் ஊரில் இல்லாதபோது இவன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். யாரோ சொல்லிக் கேட்டதில்லை, எனக்கே நேராகத் தெரியும். போனில் மணிக்கணக்காகப் பேச்சு. அவன் பேச்சை இவள் கேட்கிறாள், புருஷன் பேச்சைக் கேட்பதில்லை. கடைசியில் அவள் வீட்டைவிட்டே போய்விட்டாள், தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவுதான் நான் சொல்வேன். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன்.

இப்போது முகம் மாறுகிறது பாருங்கள். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் நான். தண்ணீர் குடிக்கிறீர்களா? உங்கள் தங்கை மகள் தப்பித்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவன் திருநெல்வேலியில் இருந்து வருகிறபோது தரகர் சொல்லியிருப்பார், அண்ணாச்சி வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று. காரணம் சொல்ல மாட்டார்கள். அவன் காரணம் தெரியாமல் இந்த மேசையில் உட்கார்ந்திருப்பான். நான் எதிரே உட்கார்ந்து, "வாடே" என்பேன். அது போதும் எனக்கு. சென்னைக்குக்கூட அப்புறம் ஒரு தடவை போய்க்கொள்ளலாம்.

ஏன் பையை எடுக்கிறீர்கள்? யாரென்றா கேட்கிறீர்கள்? பெயரெல்லாம் எதற்கு. பெண் விஷயம் அண்ணாச்சி, பெயரைச் சொன்னால் நன்றாகவா இருக்கும்.

அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்கப் போகிறீர்களா? அது எப்படிக் கேட்பீர்கள்? ... சரிதான். ஒருத்தன் வாயில் கேட்டதை வைத்து ஒரு பையனைத் தள்ளவும் மனசு வரவில்லை, ஒரு குடும்பத்துப் பெண்ணைத் தப்பாக நினைக்கவும் மனசு வரவில்லை என்கிறீர்கள். பெரிய மனுஷன் பேச்சுத்தான். வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போன ஆளுக்கு இந்த யோசனை இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புருஷனுக்குத் தெரியுமாவா? தெரியும்.

தெரிந்து என்ன செய்கிறானா? என்ன செய்வான். காலையில் எழுந்திருக்கிறான். பாத்திரம் கழுவுகிறான். தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறான். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் போர்டில் எழுதுகிறான்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அண்ணாச்சி, உட்காருங்கள். எழுந்திருக்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தான், பேசினான், அவள் போய்விட்டாள். இவ்வளவுதானே சொன்னேன். மற்றதை நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன... இல்லை, நினைக்காதீர்கள். அவள் அப்படிப்பட்டவள் கிடையாது. அவனை அவள் வாய் நிறையத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அவனுக்கும் மதினி என்ற வார்த்தை தவிர வேறு வராது. போனில் பேசினதெல்லாம் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்றுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் மேல் ஒரு தூசு விழக் கூடாது அண்ணாச்சி. அவன் மேல் மட்டும் விழ வேண்டும். அப்படி ஏதாவது ஒரு வழியில் சொல்ல முடியுமா, நீங்கள் உலகம் தெரிந்தவர், சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

பையைத் தோளில் மாட்டிவிட்டீர்களே.

சரி. போங்கள். போய்க் கேளுங்கள். நீங்கள் சங்கரன்கோவிலுக்குப் போக எப்படியும் கோவில்பட்டியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இருந்து ஒரு ஆட்டோ பிடித்தால் வேலாயுதபுரம். தீப்பெட்டிக் கட்டு அடுக்கியிருக்கிற குடோனுக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு. செண்பகம் டீச்சர் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்நேரம் மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். நெல்லையப்பனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று அவளிடமே கேளுங்கள். அவள் உள்ளதை உள்ளபடி சொல்லுவாள், அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. அதுதான் அவளோடு இருக்கிற சங்கடமே. நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள். நான் இங்கே உங்களிடம் சொன்னதை மட்டும் சொல்லாதீர்கள்.

என் நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கூப்பிட்டால் மாமியார்தான் எடுக்கிறார்கள், "படிச்சுக்கிட்டு இருக்கா மாப்பிள்ளை" என்று வைத்துவிடுகிறார்கள். உங்களோடு உட்கார்ந்து பேசுவாள், வீட்டுக்கு வந்தவரை மரியாதையாக நடத்துவாள், காப்பி கொடுக்காமல் விட மாட்டாள். அவனைப் பற்றி அவள் எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, எனக்கு வேண்டாம். பேச்சுவாக்கில் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்பதை மட்டும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள்.